கேலப் நகரில் வாங்கிய நவஹோ மேய்ச்சல் ஓவியம்: ஓராண்டு கழித்து ஒரு மதிப்பீடு

20 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் கொண்ட தடித்த தாளில், குவாஷ் எனப்படும் ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்தால் தீட்டப்பட்ட மூல ஓவியம் இது. மாலையில் பட்டிக்குத் திரும்பும் ஓர் ஆட்டுமந்தை, அதன் பின்னே நடந்துவரும் ஒரு பெண், நடுவில் குட்டியொன்றைத் தூக்கிச் செல்லும் ஒரு சிறுமி, இரண்டு நாய்கள், மேல் இடது மூலையில் ஒரு மரவீடு, அதன் அருகே தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிய பழைய பிக்கப் வண்டி ஒன்று. படத்தில் முதன்மையாக உள்ளவை இவ்வளவுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள கேலப் நகரில், இரயில் பாதையை ஒட்டிச் செல்லும் பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலைக் கடைகளுள் ஒன்றில், சட்டகத்தோடு சேர்த்து 720 டாலர் என்று சொன்னதை 650 டாலருக்குப் பேசி வாங்கினேன். வாங்கி ஓராண்டு கடந்துவிட்டது. கடையில் கால்மணி நேரம் நின்று பார்த்தபோது தோன்றியதும், தினமும் சோற்றுத் தட்டோடு அமர்ந்து பார்க்கும்போது தோன்றுவதும் வேறு வேறாக இருப்பதால், இத்தனை காலம் பொறுத்து எழுதுகிறேன்.

ஓவியர் தினே என்னும் அமெரிக்கப் பழங்குடி இனத்தைச் சேர்ந்த நடுவயதுக்காரர். தினே என்பதுதான் அம்மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர். நவஹோ என்பது பிறர் இட்டு நிலைத்துவிட்ட பெயர். அவர் பொதுவெளியில் அறியப்பட்டவர் அல்லர் என்பதால் அவர் பெயரையும், கீழே ஒரு குறையைச் சொல்லவிருப்பதால் கடையின் பெயரையும் தவிர்க்கிறேன்.

கடைக்காரர் செய்த முதல் காரியம், படத்திலிருந்த பிக்கப் வண்டிக்காக என்னிடம் வருத்தம் தெரிவித்ததுதான். ஓவியர் கேட்பதில்லை, வண்டியை வரைந்துவிடுகிறார், அதனால்தான் விலை குறைவு என்றார். அதே ஓவியர் ஏறக்குறைய அதே காட்சியை வண்டி இல்லாமல் தீட்டிய இன்னொரு படம் எதிர்ச்சுவரில் 900 டாலர் அட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் அப்படிப்பட்டதைத்தான் கேட்கிறார்களாம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வண்டி இல்லாத படத்தில் வண்டி நின்ற இடத்தில் ஒரு குதிரை நின்றது. நல்ல குதிரைதான், ஆனால் அது ஏன் அங்கே நிற்கிறது என்று படத்தில் எதுவும் சொல்லவில்லை. வண்டிக்கோ வேலை இருந்தது. 71,000 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கும், நவஹோ மக்களின் தன்னாட்சி நிலப்பகுதியான நவஹோ தேசத்தில் குழாய்த் தண்ணீர் எட்டாத வீடுகள் இன்றும் கணிசமாக உள்ளன; அவ்வீட்டார் தொலைவிலுள்ள பொதுக் குழாய்க்கோ கிணற்றுக்கோ வண்டியோட்டிச் சென்று பீப்பாய்களில் தண்ணீர் பிடித்து வருகிறார்கள். வீட்டு மனிதர்களுக்கும் பட்டியில் நிற்கும் ஆடுகளுக்கும் அந்த ஒரு பீப்பாய்தான் என்னும்போது, வண்டியை நீக்கிவிட்ட படம் மேய்ச்சல் வாழ்க்கையின் பாதியை நீக்கிவிடுகிறது. ஆகவே மலிவான படத்தை வாங்கினேன். சிக்கனத்துக்காக அல்ல என்று என் மனைவியிடம் இன்னும் நிரூபிக்க முடியவில்லை.

அடுத்து கடைக்காரர் வண்ணங்களுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். நவஹோ மரபில் நான்கு திசைகளுக்கு நான்கு நிறங்கள் உண்டு என்பது உண்மை: கிழக்குக்கு வெண்மை, தெற்குக்கு நீலம், மேற்குக்கு மஞ்சள், வடக்குக்குக் கறுப்பு. அத்திசைகளில் அவர்களுடைய நிலத்தின் எல்லையாக நிற்கும் நான்கு புனித மலைகளும் உண்டு. கிழக்கே கொலராடோவின் பிளாங்கா சிகரம், தெற்கே நியூ மெக்சிகோவின் டெய்லர் மலை, மேற்கே அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரை ஒட்டிய சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள், வடக்கே கொலராடோவின் ஹெஸ்பரஸ் மலை. இவற்றையெல்லாம் சரியாகச் சொன்ன அவர், இந்தப் படத்தின் வெள்ளாடு, நீலச் சட்டை, மஞ்சள் புல், கறுப்பு நாய் ஆகிய நான்கும் அந்த நான்கு மலைகளே என்று முடித்தபோதுதான் எனக்கு உறுத்தியது. படத்தில் நீலச் சட்டை இருப்பது தென்திசையில் அல்ல. நாய் இருப்பது வடதிசையிலும் அல்ல. கறுப்பு நாய் ஏன் கறுப்பாக இருக்கிறது என்றால், அது கறுப்பு நாய் என்பதால்தான். செவ்விந்தியர் கைபட்ட பொருள் எதுவானாலும் அதற்குள் ஒரு மந்திரம் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கும் வாடிக்கையாளருக்காகப் பழகிப்போன பேச்சு அது.

அதே கடையில் கணக்கு எழுதும் மேசையில் இருந்த வயதான தினே பெண்மணி ஒருவர், பில் போடும்போது படத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துச் சற்று நேரம் பார்த்தார். மந்தையின் தலைப்பில் கழுத்தை நீட்டிக்கொண்டு நடக்கும் வெள்ளாட்டைத் தொட்டுக்காட்டி, இவள் எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது அது. கடைக்காரரின் பத்து நிமிட விளக்கத்தைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்குப் படத்தைத் திறந்துவிட்டது. அதன்பிறகு நான் மலைகளை விட்டுவிட்டு ஆடுகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

மொத்தம் 23 உருப்படிகள். 17 செம்மறி, 6 வெள்ளாடு. நவஹோ மந்தைகளில் இரண்டையும் கலந்தே வைத்திருப்பது வழக்கம். செம்மறி ஒன்றையொன்று பார்த்து நிற்கும், ஒன்று தயங்கினால் எல்லாம் தயங்கும். வெள்ளாடு துணிந்து முன்னே போகும், அதன்பின் மந்தை நகரும். ஓவியர் ஆறு வெள்ளாடுகளில் நான்கை முன்னணியில் வைத்திருக்கிறார். ஐந்தாவது ஒரு புதரின் மீது முன்னங்கால்களை ஊன்றி நின்று இலை கடிக்கிறது. ஆறாவது கடைசியில், பெண்ணின் அருகில், வயிறு பருத்து மெல்ல நடக்கிறது, சினையாடு. இவ்வளவையும் ஓவியர் எழுதி ஒட்டவில்லை, எந்த உருவத்தையும் பெரிதாக்கியும் காட்டவில்லை. அவை நிற்கும் இடமும் நடையுமே சொல்கின்றன.

செம்மறிகளிலும் இரண்டு வகை இருப்பதை வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன். சில ஆடுகளின் முகத்திலும் காலிலும் ரோமம் இல்லை. உடலில் ரோமம் நீண்ட இழைகளாகத் தொங்குகிறது. அவற்றுள் ஒரு கிடாவுக்கு நான்கு கொம்புகள். அவை சுரோ இன ஆடுகள். ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதிக்குக் கொண்டுவந்து, நவஹோ மக்களின் கையில் வறண்ட நிலத்துக்கேற்பப் பழகிய இனம். நான்கு கொம்பு என்பது ஓவியரின் கற்பனை என்று என் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். சுரோ கிடாக்களில் நான்கு கொம்பு இயல்பாகவே காணப்படும். இவ்வினத்தின் ரோமத்தில் எண்ணெய்ப் பசை குறைவு. ஆகவே கழுவ நிறையத் தண்ணீர் தேவையில்லை. இழை நீளம் என்பதால் நீண்ட கதிரைத் தொடையில் உருட்டிக் கையால் நூற்பதற்கு ஏற்றது. தண்ணீர் அரிதான நிலத்தில் நெசவு பெருந்தொழிலாக வளர்ந்ததற்கு இந்த ஆடும் ஒரு காரணம். மற்ற ஆடுகள் முகம்வரை ரோமம் மூடிய, உருண்டை உடல் கொண்ட பிற்கால இனம். இறைச்சிக்காகவும் சந்தைக்கான மென்ரோமத்துக்காகவும் அரசு பரப்பியவை. இரண்டு இனமும் கலந்து நடக்கும் மந்தை என்பது இன்றைய நவஹோ மேய்ச்சலின் சரியான படம். சுரோ 1970களில் ஐந்நூற்றுக்கும் குறைவாக அருகிவிட்டிருந்தது. லைல் மெக்நீல் என்னும் கால்நடை அறிஞர் 1977இல் தொடங்கிய முயற்சியாலும், அவ்வினத்தைத் தம் பட்டிகளில் விடாமல் வைத்திருந்த தொலைதூரக் குடும்பங்களாலும் அது மீண்டது.

நடுவே போகும் சிறுமியின் கையில் இருப்பது ஈன்ற சூடு ஆறாத குட்டி. அதன் தாய் சிறுமியின் பாவாடையில் மூக்கை உரசுவதுபோல ஒட்டி நடக்கிறது. மேய்ச்சலில் ஈன்ற குட்டியைத் தாழ்வாகப் பிடித்து, தாய்க்கு மணம் எட்டும்படி நடந்தால்தான் அது பின்தொடரும். உயரத் தூக்கிவிட்டால் தாய் ஈன்ற இடத்துக்கே திரும்பி ஓடிவிடும். ஆகவே சிறுமி சற்றுக் குனிந்து, கையைத் தாழ்த்தி நடக்கிறாள். முதலில் அந்தக் குனிவை வரைதலின் பிழை என்றே நினைத்திருந்தேன்.

பின்னே வரும் பெண் அடர்நீல வெல்வெட் சட்டையும், மூன்று அடுக்காக விரிந்த செங்கல் நிறப் பாவாடையும் அணிந்திருக்கிறாள். கூந்தல் பின்கழுத்தில் மடித்துக் கட்டிய கொண்டை; அதைக் கட்டியிருப்பது வெள்ளைக் கம்பளி நூல். தினே மரபில் ஆணும் பெண்ணும் இப்படிக் கட்டுவதுண்டு. முன்னே நடக்கும் ஆட்டின் முதுகிலிருக்கும் அதே வெள்ளையை ஓவியர் அந்த நூலுக்கும் இட்டிருக்கிறார். நவஹோ குடும்பம் தாய்வழி மரபைச் சேர்ந்தது. மந்தையில் பெரும்பங்கு பெண்களுடையது. பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஆளுக்கொரு குட்டி ஒதுக்கப்பட்டு, அது பெருகினால் அவர்களுடையதாகும். எனவே படத்தில் இருப்பவர்கள் கூலிக்கு மேய்ப்பவர்கள் அல்லர், உடைமைக்காரிகள். ‘திபே பே ஈனா’, ஆடே வாழ்வு, என்று தினே மொழியில் சொல்லும்போது, அந்த வாழ்வின் கணக்குப்புத்தகம் பெரும்பாலும் பெண்களிடம்தான் இருந்தது.

படத்தில் நிழல் கிடையாது, சூரியனும் கிடையாது. இருந்தும் இது மாலை என்று எப்படித் தெரிகிறது? மேல் மூலையிலிருக்கும் ஹோகன் என்ற அறுகோண மரவீட்டின் வாசல் வலப்பக்கம் திறந்திருக்கிறது. ஹோகனின் வாசல் எப்போதும் கிழக்கு நோக்கியே இருக்கும். ஆகவே படத்தின் வலப்பக்கம் கிழக்கு. வலக்கோடியில் ஜூனிபர் மரக்கட்டைகளால் அடைத்த பட்டியின் படல் திறந்துகிடக்க, மந்தை அதை நோக்கிப் போகிறது. வயிறுகள் நிறைந்திருக்கின்றன. கோடையில் அங்கே விடியலில் மந்தையைத் திறந்துவிட்டு, வெயில் ஏறியதும் திருப்பி, மாலையில் மறுபடியும் ஓட்டிச் செல்வார்கள். பட்டிக்குப் போகும் ஆடு உச்சிவெயிலுக்கு ஒதுங்குவதாகவும் இருக்கலாமே என்றால், சினையாட்டின் தளர்நடையையும் பெண்ணின் தோளில் மடித்துப் போட்டிருக்கும் போர்வையையும் பார்க்க வேண்டும். காலைக் குளிருக்கு எடுத்துச் சென்று பகலெல்லாம் சுமந்து திரும்பும் போர்வை அது.

இப்படி நிழலும் முழுப் பின்னணியும் இல்லாமல், தாளின் வெறுமையையே நிலமாகவும் வானமாகவும் விட்டு, உருவங்களைத் தெளிந்த கோட்டுக்குள் ஒற்றை வண்ணத்தால் நிரப்பித் தீட்டும் பாணிக்கு ஒரு வரலாறு உண்டு; அதை அறியாமல் இந்தப் படத்தை எடைபோட்டால் சிறுவர் புத்தகப் படம் என்று தள்ளிவிட நேரும். 1932இல் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான இந்தியப் பள்ளியில் டோரதி டன் என்னும் ஆசிரியை ஓவியக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். பழங்குடிப் பிள்ளைகளின் மொழியையும் உடையையும் பறித்து வெள்ளையராக்குவதே விடுதிப்பள்ளிகளின் நோக்கமாக இருந்த காலம் அப்போதுதான் சற்றுத் தளர்ந்திருந்தது. மாதிரி உருவத்தை எதிரே நிறுத்தி வரையச் சொல்லாமல், சொந்த ஊரை நினைவிலிருந்து வரையும்படி அவர் ஊக்கினார். ஐரோப்பிய முறையிலான நிழலையும் ஆழத்தையும் தவிர்க்கச் சொன்னார். ஹாரிசன் பெகே, ஜெரால்ட் நெய்லர், குவின்சி தஹோமா, ஆண்ட்ரூ சினாஜின்னி போன்ற தினே ஓவியர்கள் அங்கிருந்து வந்தவர்கள். 1937இல் டன் விலகியபின் அவரிடம் பயின்ற ஜெரோனிமா மொன்டோயா கூடத்தைத் தொடர்ந்து நடத்தினார். அந்தப் பிள்ளைகளில் பலர் சிறுவயதில் ஆடு மேய்த்தவர்கள், பெகேயும் அப்படித்தான். வீட்டிலிருந்து வெகுதொலைவில் விடுதியில் அமர்ந்து, கண்ணெதிரே இல்லாத மந்தையை அவர்கள் வரைந்தார்கள். பின்னணி வெறுமையாக இருப்பதை டன் கற்பித்த விதி என்று மட்டும் சொல்பவர்கள் உண்டு. நினைவில் எழும் ஆட்டுக்குப் பின்னால் வானம் இருப்பதில்லை என்பது என் எண்ணம். இதை வாதத்துக்கு வைக்கவில்லை, படத்தின் எதிரே உட்கார்ந்திருக்கும்போது தோன்றுவதைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டுகளின் இன்னொரு செய்தி இதோடு சேர்ந்தே என் நினைவுக்கு வருகிறது. சாண்டா ஃபேயில் பிள்ளைகள் ஆடு தீட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1933 முதல், அவர்களுடைய வீடுகளில் ஆடுகள் அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. மேய்ச்சல் மிகுந்து மண் அரிக்கிறது, அரித்த வண்டல் கொலராடோ ஆற்றில் கட்டப்பட்டுவந்த ஹூவர் அணையை நிரப்பிவிடும் என்று அஞ்சிய அரசு, இந்திய விவகார ஆணையர் ஜான் காலியரின் பொறுப்பில் மந்தைக் குறைப்பை நடத்தியது. வெள்ளாடுகளைக் குறைக்கும் சுற்று 1934இல் வந்தபோது, இரயில் நிலையம்வரை ஓட்டிச்செல்லும் செலவுகூடத் தேறாது என்று பல இடங்களில் அவற்றைச் சுட்டுப் போட்டார்கள். ஏழைக் குடும்பங்களின் பாலும் இறைச்சியும் வெள்ளாடுதான். உடைமைக்காரிகளான பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. அதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்னர், 1863-64இல் அமெரிக்க இராணுவ அதிகாரி கிட் கார்சனின் படை மந்தைகளையும் பயிரையும் அழித்து, மக்களை நெடுநடையாக நியூ மெக்சிகோவின் கிழக்கே போஸ்கே ரெடோண்டோவுக்கு விரட்டியது. 1868 ஜூன் 1ஆம் நாள் ஒப்பந்தத்தில், ஊர் திரும்பும் மக்களுக்கு 15,000 செம்மறி, வெள்ளாடுகளை வாங்கித்தர அரசு ஒப்புக்கொண்டது. அந்தத் தொடக்கத்திலிருந்து பெருக்கியதைத்தான் 1930களில் மறுபடியும் இழந்தார்கள். தினே குடும்பங்களில் முதியவர்கள் இவ்விரண்டையும் இன்றும் ஒரே மூச்சில் பேசுவதில் வியப்பில்லை. மந்தையின் தலைப்பில் நான்கு வெள்ளாடுகளை நடத்தி, கடைசியிலும் ஒரு சினை வெள்ளாட்டை வைத்திருக்கும் படத்தை இந்தப் பின்னணியில் பார்க்கும்போது, அமைதியான கிராமியக் காட்சி என்று விலை அட்டையில் எழுதியிருந்தது மிகச் சிறிய விவரணையாகத் தோன்றுகிறது.

இவ்வளவு பாராட்டியபின் குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டாவது நாய் வெறும் நிரப்பல். முதல் நாய் புதர்கடிக்கும் ஆட்டைக் கண்காணித்து நிற்கையில், இது எதையும் பார்க்காமல் பட்டியருகே ஒட்டவைத்ததுபோல் நிற்கிறது. பட்டியில் ஆடுகளோடேயே குட்டியிலிருந்து வளரும் அந்த ஊர்க் காவல்நாய்கள் மந்தையைச் சுற்றித்தான் திரியும் என்பதை ஓவியர் அறியாதவர் அல்லர். இடது வலது சமநிலைக்காக வைத்திருக்கிறார். யக்கா என்ற கூரிலைச் செடிக் கொத்துகள் ஆறும் ஒரே அச்சில் எடுத்தவைபோல உள்ளன. மேலே தெரியும் தட்டையுச்சி மலையை மூன்று சிவப்புப் பட்டைகளாகத் தீட்டியிருப்பது, அப்பகுதிக் கடைகளில் குவளை முதல் குளிர்பெட்டிக் காந்தம்வரை எல்லாவற்றிலும் காணும் அதே மலை. பெண்ணின் முகம் பக்கவாட்டில் ஒரு கோடு, ஒரு கண். 23 ஆடுகளுக்கும் தனித்தனி முகம் கொடுத்தவர், மனிதர் இருவருக்கும் பொது முகம் கொடுத்துவிட்டார். இது இந்தப் பாணியின் பழைய நோய். 1962இல் சாண்டா ஃபே இந்தியப் பள்ளியின் அதே வளாகத்தில் அமெரிக்க இந்தியக் கலை நிறுவனம் தொடங்கப்பட்டபின் வந்த தலைமுறை, டன் வழியை அழகுபடுத்தல் என்று கடுமையாக ஒதுக்கியதற்கு இதுவும் காரணம். அரிசோனாவின் சின்லேயில் பிறந்த தினே ஓவியர் ஆர். சி. கார்மன் போர்வை போர்த்திய தினே பெண்களைப் பெரிய, கனத்த உருவங்களாக வரைந்து உலகப் புகழ் பெற்றார். அவரிடம் பெண் இருக்கிறாள், மந்தை போய்விட்டது. எனக்கு மந்தை வேண்டியிருந்தது.

படத்தைவிடச் சட்டகமே எனக்கு அதிகச் சிரமம் தந்தது. குவாஷ் வண்ணத்தின் மேற்பரப்பு மெருகெண்ணெய் பூசாதது; ஈரம் பட்டால் கரையும், கண்ணாடியில் ஒட்டினால் உரியும், வெயில் பட்டால் சில நிறங்கள் வெளுக்கும். ஆகவே படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அமிலமற்ற அட்டை ஒன்றை விளிம்பாக வைத்து இடைவெளி விட வேண்டும். பின்னட்டையும் அமிலமற்றதாக இருக்க வேண்டும். கடை போட்டுத் தந்த சட்டகத்தில் விளிம்பு அட்டை இருந்தது. ஆனால் பின்னால் சாதாரணப் பழுப்புப் பெட்டி அட்டை. ஐந்து மாதத்தில் கீழ்விளிம்பில் தாள் இலேசாகப் பழுத்திருப்பதைப் பார்த்துத் திறந்தபோது, படத்தை நான்கு மூலையிலும் ஒட்டுநாடாவால் அட்டையோடு ஒட்டியிருந்தது தெரிந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, சட்டகம் இலவசமாகத் தந்தது என்ற பதில் கிடைத்தது. பில்லில் அது தனி வரியாக 85 டாலர் என்று எழுதப்பட்டிருந்தது. பில்லைப் படம் எடுத்து அனுப்பியபின் 40 டாலர் திருப்பித் தந்தார்கள். பீனிக்ஸில் ஒரு சட்டக வேலைக்காரரிடம் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோடு மறுபடி போட 190 டாலர் ஆயிற்று. ஒட்டுநாடாவை அவர் ஒரு பிற்பகல் முழுதும் செலவழித்துப் பொறுமையாக நீக்கினார். எனவே இத்தகைய கடைகளில் படத்தைச் சட்டகமில்லாமல், தட்டையாக, இரண்டு அட்டைகளுக்கிடையே வைத்து வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

கையெழுத்து கீழ் வலமூலையில் ஆண்டோடு இருக்கிறது. ஓவியரின் பெயர், அவர் நவஹோ தேசத்தின் பதிவுபெற்ற உறுப்பினர் என்ற விவரம், மூல ஓவியம் என்ற சொல், ஊடகம், அளவு ஆகியவற்றைப் பில்லிலேயே எழுதித் தரும்படி கேட்டேன். தயங்காமல் தந்தார்கள், அந்த விஷயத்தில் கடைமீது குறையில்லை. 1990இன் இந்தியக் கலை மற்றும் கைவினைச் சட்டப்படி, பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாக எண்ணவைத்து விற்பது குற்றம்; தனிநபருக்கு முதல் தடவைக்கே 2,50,000 டாலர்வரை அபராதமும் 5 ஆண்டுவரை சிறையும் விதிக்க இடமுண்டு. சட்டம் இருந்தும் சந்தையில் போலிகள் குறையவில்லை. நவஹோ பாணி என்று மட்டும் பில்லில் இருந்தால், யார் செய்தது என்பதற்கு அதில் விடையில்லை என்று பொருள்.

எந்தக் காட்சியை வாங்குவது என்பதிலும் ஒரு யோசனை சொல்லத் தோன்றுகிறது. சடங்குகளில் வண்ண மணலால் வரையப்படும் மணல் ஓவிய உருவங்களும், சடங்கு ஆடல்களும் கொண்ட படங்கள் கடைகளில் அதிகம். சடங்குக்குரிய உருவங்களை விற்பனைக்குத் தீட்டும்போது தினே கலைஞர்கள் வேண்டுமென்றே சில கூறுகளை மாற்றிவிடுவார்கள், ஏனெனில் முழுமையானது சடங்குக்கே உரியது. வாங்குபவருக்குக் கிடைப்பது மரியாதையோடு மாற்றப்பட்ட பிரதி. மேய்ச்சல் காட்சியில் அந்த ஒளிவுமறைவு இல்லை. ஓவியர் அறிந்ததை எல்லாம் தடையின்றித் தரலாம். கைக்கு அடங்கும் விலை வேண்டுவோர், பெகே முதலியோரின் படங்களை 1950கள் முதல் சில்க் ஸ்கிரீன் எனப்படும் துணித்திரை முறையில் அச்சிட்ட டேவா என்டர்பிரைசஸ் நிறுவனத்தின் தாள்களைப் பழம்பொருள் கடைகளில் தேடலாம். தட்டை வண்ணப் பாணி அந்த அச்சுமுறைக்கென்றே பிறந்ததுபோல் பொருந்தும். நேரம் இருப்பவர்கள் கேலப்பிலிருந்து வடமேற்கே அரிசோனாவின் கனாடோவுக்குப் போய், 1878இல் தொடங்கி இன்று தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கும் ஹப்பல் வணிக நிலையத்தைப் பார்ப்பது நன்று. நெசவாளிகளுக்கு மாதிரியாக அங்கே சுவரில் மாட்டப்பட்ட சிறு கம்பள ஓவியங்களைப் பார்த்தபின், ஆடு, நூல், தறி, ஓவியம் ஆகியவை அந்த ஊரில் தனித்தனிக் கடைகள் அல்ல என்பது விளங்கும். போகும் வழியில், நவஹோ தேசத்தின் தலைநகரான விண்டோ ராக்கின் பேரவை மண்டபத்தில், நவஹோ மக்களின் வரலாற்றை ஜெரால்ட் நெய்லர் 1943இல் தீட்டி முடித்த சுவரோவியங்கள் உள்ளன.

650 டாலருக்கும் மேலே போன 190 டாலருக்கும் தகுமா என்றால், எனக்குத் தகும். சுவரை அலங்கரிக்க அந்திவானம் வேண்டுவோருக்கு இந்த வகைப் படம் ஏமாற்றமளிக்கும். இதில் வானமே இல்லை. ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கும், ஒரு வேலையை உற்றறிந்த கை எப்படி வரையும் என்று பார்க்க விரும்புவோருக்கும் உரியது. மேற்கு சன்னல் வெயில் படாத சுவரில், கண்மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்வாக மாட்ட வேண்டும். ஆடுகளை எட்டிப் பார்க்கக் கூடாது, குனிந்து பார்க்க வேண்டும்.

அண்மையில் கேலப் வழியாகப் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். குதிரை நின்ற 900 டாலர் படம் விற்றுப்போயிருந்தது. அந்த இடத்தில் அதே ஓவியரின் புதிய படம் தொங்கியது. அதில் பிக்கப் வண்டிகள் இரண்டு இருந்தன, விலை 600 டாலர்.